வெந்நீரில் முட்டை நாற்றம்

கேள்வி: கீசர் வாங்கி ஐந்து மாதமாகிறது. வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம்; போர் தண்ணீரை நேராகப் பிடித்தால் இல்லை. வாட்டர் சாஃப்ட்னர் வைத்தால் போய்விடும் என்று ஒருவர் 28,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? (மன்னார்குடி வாசகி)

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். அந்தக் கருவி கடினத்தன்மையைக் குறைக்கும், நாற்றத்தைப் போக்காது. இதே பேச்சை நம்பி நானும் ஒன்று வாங்கினேன். மூட்டை மூட்டையாக உப்பு கொட்டியும், அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்ட வெந்நீரில் அதே நாற்றம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காரணம் கீசருக்குள் இருக்கிறது. தொட்டி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே ஒரு மெக்னீசியம் தண்டு உண்டு. ஆனோடு ராடு என்பார்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைவதே அதன் வேலை. தண்ணீரில் உள்ள சல்பேட்டை, அழுகிய முட்டைபோல நாறும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றும் பாக்டீரியாக்கள் வெதுவெதுப்பான தொட்டியில் பெருகும். மெக்னீசியம் கரைவது அவற்றுக்குத் தீனி.

முதலில் வெப்பத்தை உச்சத்தில் வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். குழந்தைகள் குழாய்ப் பக்கம் போகக் கூடாது. பிறகு மின்சாரத்தை அணைத்து, ஆறவிட்டு, தொட்டியை முழுதும் வடியுங்கள். எங்கள் வீட்டில் மைபோலக் கறுப்பாக வந்தது. நாற்றம் திரும்பினால் நிறுவனத்தின் மெக்கானிக்கை அழைத்து அலுமினியம்-துத்தநாகத் தண்டு போடச் சொல்லுங்கள். தண்டையே கழற்றிவிட்டுப் போகிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். தொட்டி துருப்பிடிக்கும், உத்தரவாதமும் போகும்.

கேள்வி: எங்களுக்குப் பச்சைத் தண்ணீரும் நாறுகிறது. (சீர்காழி)

பதில்: அப்படியானால் கீசரைக் குற்றம் சொல்லாதீர்கள், கிணற்றைப் பாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

கேள்வி: வெளியூர் போய் வந்தால் நாற்றம் கூடுகிறதே?

பதில்: தேங்கிய தண்ணீர். முதல் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: ரசீது வேண்டாமென்றால் விலை குறையும் என்றார்கள். எட்டு மாதத்தில் கீசர் ஒழுகுகிறது. நிறுவனம் கைவிரிக்கிறது. (கும்பகோணம்)

பதில்: ரசீது இல்லாமல் வாங்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதிவிட்டேன்! வங்கி வழியாகப் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவோடு கடைக்குப் போங்கள். ரொக்கமென்றால் வாங்கிய நாளுக்கே சாட்சி இல்லை.

கேள்வி: புதுத் தண்டு போட்டதாக 3,500 ரூபாய் வாங்கினார் மெக்கானிக். இன்னொருவர் கழற்றிக் காட்டினார். முதலில் வந்தவர் பழையதைத்தான் சுரண்டி மாட்டியிருக்கிறார். எனக்கு வயது எழுபது. (திருத்துறைப்பூண்டி)

பதில்: ஐயா, இது உங்கள் ஏமாளித்தனம் அல்ல, அவர் செய்த திருட்டு. விடாதீர்கள். அந்தத் தண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், படமும் எடுங்கள். ரசீதை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மனு எழுதத் தடுமாறினால் எனக்கு எழுதுங்கள், நான் எழுதித் தருகிறேன்.