பூனைக்கு இரண்டு நாளாகப் பேதி. பால் மட்டும் கொடுத்தால் போதுமா?

முதலில் நிறுத்த வேண்டியதே அந்தப் பால்தான். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காது. பேதி இன்னும் கூடும்.

நாங்கள் சென்னை காசிமேட்டுப் பக்கம். மீன் கழுவினால் செவுளும் குடலும் எங்கள் பூனை வெள்ளையனுக்குத்தான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் வரை வெயிலில் கிடந்த மிச்சத்தையும் தின்றுவிட்டான். ராத்திரி மணல் டப்பா முழுக்கத் தண்ணீர். "வயித்தக் காயப்போடு, சரியாயிடும்" என்றார் பக்கத்து வீட்டு ஆயா. நானும் காயப்போட்டேன். மறுநாள் டாக்டரிடம் நல்ல திட்டு. பூனை தொடர்ந்து பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்துவிடுமாம். குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம்.

அப்புறம் கொடுத்தது இதுதான்: தோலில்லாத கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, வேளைக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலைந்து வேளை. உப்பு, மசாலா எதுவும் கிடையாது. குழம்புக் கறியைக் கழுவிப் போடலாமே என்று நினைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கறி வெந்த தண்ணீரை ஆறவைத்து வைத்தேன். சும்மா தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்காதவன் அதை நக்கிக் குடித்தான்.

தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி விட்டுப் பாருங்கள். டக்கென்று படிந்தால் சரி. மெதுவாக இறங்கினாலோ, ஈறு ஈரமில்லாமல் பிசுபிசுத்தாலோ உடம்பில் நீர் வற்றிக்கொண்டிருக்கிறது.

வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்கவே வேண்டாம். ஒரே ஒரு பாரசிட்டமால் பூனையின் உயிரைக் குடித்துவிடும். மனிதர்களுக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரையும் டாக்டர் சொல்லாமல் கூடாது.

ரத்தம், வாந்தி, சோர்வு, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமை, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். தடுப்பூசி போடாத குட்டி என்றால் இன்னும் அவசரம். பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸ் கிருமியாக இருக்கலாம். உங்களுக்குத்தான் இரண்டு நாள் ஆகிவிட்டதே, எப்படியும் காட்டிவிடுங்கள். அருகில் டாக்டர் இல்லையென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மலத்தைக் கொஞ்சம் மூடி போட்ட டப்பாவில் எடுத்துப் போங்கள், பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூடை இல்லாமல் மட்டும் ஆட்டோ ஏறாதீர்கள். வெள்ளையனை நான் துண்டில் சுற்றித் தூக்கிப்போனேன். கையில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.