பிரிக்கப்படாத உறை

அன்புள்ள ஐயா,

ஐந்து ஆண்டுகள் காதலித்த பெண்ணை வீட்டாருக்கு அஞ்சிக் கைவிட்டேன். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் அவள் பையோடு காத்திருந்த இரவில், அலைபேசியை அணைத்துவிட்டு வீட்டிலேயே படுத்துக் கிடந்தேன். இன்று அவளுக்குத் திருமணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. எனக்கு வீட்டில் பெண் பார்க்கிறார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்டு 11 பக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ‘பையோடு’ என்ற சொல்லைத் தாண்ட எனக்கு வெகுநேரமாயிற்று. எதை எடுத்துவைத்து எதை விட்டுவிட்டு அவர் கிளம்பியிருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டென்மார்க்கின் தத்துவவாதி சோரன் கீர்க்ககார்ட், 1840இல் ரெகினே ஓல்சனோடு திருமணம் நிச்சயித்துக்கொண்டு, மறு ஆண்டே மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார். ரெகினே கெஞ்சியும் மனம் மாறவில்லை. ஆனால் அதன்பின் அவருடைய நாட்குறிப்புகள் திரும்பத் திரும்ப அந்தப் பெண்ணிடமே வந்து நின்றன. 1847இல் ரெகினே வேறொருவரை மணந்துகொண்டார். 1849இல் கீர்க்ககார்ட் ரெகினேவுக்கு ஒரு கடிதம் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அதை அவர் கணவருக்கு எழுதிய கடிதத்தோடு சேர்த்து அனுப்பி, கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம் என்று அவரிடமே விட்டுவிட்டார். உறை பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. கீர்க்ககார்ட் 1855இல் இறந்தபோது தம் உடைமைகளை ரெகினேவுக்கே எழுதிவைத்திருந்தார். ரெகினே சொத்தை ஏற்காமல், தம் கடிதங்களையும் சில பொருட்களையும் மட்டும் பெற்றுக்கொண்டார்.

கீர்க்ககார்ட்டின் துயரம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் தாம் முறித்த உறவின் பாரத்தை, முறிக்கப்பட்டவரின் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்க அவர் முயன்றார் என்றே நினைக்கிறேன்.

உங்கள் 11 பக்கங்களை எடுத்துப் பாருங்கள். அன்றிரவு அந்தப் பெண் எத்தனை மணிவரை நின்றார், எப்படித் திரும்பினார், வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தார் என்பதற்கு அதில் எத்தனை வரிகள் இருக்கின்றன? உங்களுக்கு அவை தெரிந்திருக்க வழியில்லை. எஞ்சியதெல்லாம் உங்கள் வேதனைதான். அதைப் படித்து உங்களைத் தேற்றும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டப் போகிறீர்கள். அனுப்பாதீர்கள். என்றாவது அவரே கேட்டால், பயந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டாரைக் காரணம் காட்டாதீர்கள்.

பெண் பார்க்கிறார்கள் என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள், எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. உங்கள் மனம் இன்னும் அந்தப் பேருந்து நிலையத்தில்தான் நிற்கிறது என்றால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இப்போது வேண்டாம் என்று வீட்டில் வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.