பிரபல பேஸ்பால் வீரர்களின் ரூக்கி கார்டுகளைக் கையைக் கடிக்காமல் சேர்க்க முடியுமா?

தாராளமாக முடியும். என்னிடம் உள்ள ரூக்கி கார்டுகளில் பாதிக்கு மேல் ஒரு காபி விலைக்கு வந்தவை. பேரம் பேசுவதில் நான் கெட்டிக்காரன் இல்லை. நான் தேடுவது பெரும்பாலும் 1987 முதல் 1993 வரை அச்சான கார்டுகளை, அவ்வளவுதான்.

ரூக்கி கார்டு என்பது ஒரு வீரர் அமெரிக்காவின் முதல்நிலைப் போட்டியான பெரிய லீக்குக்கு வரும் சமயத்தில் அவர் படம் போட்டு வெளியான முதல் கார்டு. செய்தியில் அடிபட்ட, டாப்ஸ் கம்பெனியின் 1952 மிக்கி மேன்டில் கார்டு, 2022-ல் 1.26 கோடி டாலருக்கு விற்றதே, அது அவருடைய ரூக்கி கார்டே இல்லை. அதற்கு முந்தைய வருடம் போமன் என்ற கம்பெனி வெளியிட்டதுதான் முதல் கார்டு. அந்தப் பக்கம் நாம் போக வேண்டாம்.

நம் பக்கம் ஏன் மலிவு? எண்பதுகளில் பழைய கார்டுகளின் விலை ஏறத் தொடங்கியது. சிறுவயதில் சைக்கிள் சக்கரத்தில் செருகிக் கிழித்ததையும், அம்மா குப்பையில் போட்டதையும் நினைத்து வயிறெரிந்த ஒரு தலைமுறை, இந்த முறை எதையும் விடக்கூடாது என்று பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கியது. கம்பெனிகளும் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. எல்லோரும் பத்திரப்படுத்தினால் எது அபூர்வமாகும்? 1994-ல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து, சாம்பியன் யாரென்று தீர்மானிக்கும் உலகத் தொடரே ரத்தானதும் இருந்த மோகமும் இறங்கிவிட்டது. அந்த வருடங்களைச் சேகரிப்பாளர்கள் 'ஜங்க் வாக்ஸ்' காலம் என்பார்கள் (ஜங்க் என்றால் குப்பை, வாக்ஸ் என்பது கார்டுகள் வந்த மெழுகுத்தாள் பாக்கெட்). ஜங்க்தான், ஆனால் அதற்குள் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள்.

பந்துவீச்சாளராக 355 வெற்றிகள் கண்ட கிரெக் மேடக்ஸின் 1987 கார்டு, டான்ரஸ் கம்பெனி வெளியிட்டது. 762 ஹோம் ரன் அடித்த பாரி பாண்ட்ஸின் 1987 டாப்ஸ், மரப்பலகை போன்ற விளிம்போடு. (டாப்ஸே 1986 கடைசியில் தனியாக விற்ற 'டிரேடட்' பெட்டியில் வந்ததுதான் உண்மையான ரூக்கி என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. போடட்டும்.) ராண்டி ஜான்சனின் 1989 கார்டுகளில் அவர் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் சட்டையில் நிற்பார், அந்த அணி 2005-ல் வாஷிங்டனுக்குக் குடிபோய்ப் பெயரும் மாறிவிட்டது. அதிலும் ஃபிளீர் கம்பெனியின் கார்டில் அவருக்குப் பின்னால் மால்பரோ சிகரெட் விளம்பரம் தெரியும். யாருக்கோ உறுத்தியிருக்கிறது, அடுத்தடுத்த அச்சுகளில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக்கி மறைத்தார்கள். விளம்பரம் பளிச்சென்று தெரிவது விலை அதிகம்; மறைந்தது சில்லறைக் காசு. என்னிடம் மறைந்ததுதான் இருக்கிறது.

கென் கிரிஃபி ஜூனியர் மட்டும் கொஞ்சம் தனி. 1989-ல் அப்பர் டெக் கம்பெனி தன் முதல் செட்டின் முதல் எண்ணை, பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியிராத அந்தப் பையனுக்குக் கொடுத்தது. அவர் சேரவிருந்த சியாட்டில் மரைனர்ஸ் அணியின் தொப்பியோடு படம் இல்லாததால், சிறிய லீக் அணியின் தொப்பியில் சாயம் பூசி மரைனர்ஸ் தொப்பியாக்கினார்கள். கார்டின் நிலையைப் பார்த்து 10 வரை மதிப்பெண் தரும் பி.எஸ்.ஏ. நிறுவனத்துக்கு இந்தக் கார்டு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் போயிருக்கிறது என்றால் எத்தனை அச்சாகியிருக்கும்! ஆனாலும் எல்லோரும் கேட்பதால் விலை இறங்குவதில்லை. பி.எஸ்.ஏ. 10 வாங்கிய பிரதி ஆயிரம் டாலரைத் தாண்டும். அதே வருடம் டான்ரஸ், ஃபிளீர் வெளியிட்ட கிரிஃபி கார்டுகள் சில டாலர்தான். அவையும் அதே முதல் வருடத்துக் கார்டுகள் என்பதால் ரூக்கி கார்டுகளே. அப்பர் டெக்தான் வேண்டுமென்றால் பின்புறம் ஹாலோகிராம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் சீல் பிரிக்காத 1987 டாப்ஸ் பெட்டி ஒன்றை வாங்கினேன். 36 பாக்கெட். என் மகளும் நானும் ஒரு மழை ஞாயிறு முழுக்கப் பிரித்தோம். உள்ளே முப்பது வருடத்துக்கு மேல் பழகிய சூயிங்கம் ஓடு மாதிரி உடைந்தது. அதை ஒட்டியிருந்த கார்டுகளில் எல்லாம் பழுப்புக் கறை. கிடைத்த ஒரே பாண்ட்ஸ் அந்தக் கறையோடுதான் வந்தது. பெட்டிக்குக் கொடுத்த காசில் கறையில்லாத பாண்ட்ஸ் பத்தாவது வாங்கியிருக்கலாம். பொழுதுபோக்குக்குப் பிரிப்பது வேறு, சேகரிப்புக்கு வாங்குவது வேறு. சேகரிப்புக்கு ஒற்றைக் கார்டாக வாங்குங்கள்.

ஈபேயில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இரண்டு டாலர் கார்டுக்கு அதைவிட அதிகமாகத் தபால் செலவு வரலாம், அதனால் ஒரே ஆளிடம் ஐந்தாறாகச் சேர்த்து வாங்குவது நல்லது. வாரக் கடைசிகளில் ஓட்டல் ஹாலில் நடக்கும் கார்டு ஷோ இன்னும் நல்லது. நான்கு முனைகளையும் கையில் வைத்துப் பார்க்கலாம். இந்த மாதிரிக் கார்டுகளைத் தரம் பார்க்க அனுப்பாதீர்கள், கட்டணம் கார்டின் விலையை விழுங்கிவிடும். மெல்லிய உறை ஒன்று, அதன் மேல் டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்று, போதும். நாளைக்கு விலை ஏறும் என்ற கணக்கு மட்டும் வேண்டாம்.

ஆனால் ஒன்று. 1990 டாப்ஸ் ஃபிராங்க் தாமஸ் கார்டில் சில பிரதிகளுக்கு அச்சகத்தில் கறுப்பு மை சரியாக விழாமல், முன்பக்கம் பெயரே இல்லாமல் வந்துவிட்டன. அவை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். அதனால் கார்டு ஒரு டாலர் என்று விற்கும் பெட்டியில் ஃபிராங்க் தாமஸ் கையில் பட்டால் முதலில் கீழே பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இதுவரை பதினேழு கார்டு பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் இருந்தது.