சுற்றுலாவுக்குப் பயணக் காப்பீடு எடுக்கும்போது எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பிரீமியத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் மருத்துவச் செலவுக்கான வரம்பு. ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) குறைந்தது 30,000 யூரோ கேட்கிறார்கள். அமெரிக்கா போகிறவர்களுக்கு அது போதவே போதாது. அவசர நிலையில் சொந்த நாட்டுக்குக் கொண்டுவரும் செலவும் அதில் சேருமா என்று பாருங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் க்ளெய்மை நிராகரித்துவிடலாம். ஸ்கூபா, மலையேற்றம் போன்றவற்றில் அடிபட்டால் பல பாலிசிகளில் பணம் கிடைக்காது. குடித்துவிட்டு விழுந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். பெட்டி தொலைந்தால் கிடைக்கும் தொகை சொற்பம், அதைக் கண்டு மயங்க வேண்டாம்.

பயணம் ரத்தானால் பணம் திரும்ப வேண்டுமா? டிக்கெட் போட்ட கையோடு பாலிசியையும் எடுத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் எடுத்தால் அந்தப் பகுதி கிட்டத்தட்ட வீண்.