கூச்சல் போடும் சபை எதற்கு?

கேள்வி: சட்டமன்றம், நாடாளுமன்றம் எங்கே பார்த்தாலும் கூச்சல், வெளிநடப்பு. வளரும் நாட்டுக்கு இது தேவையா? உறுதியான ஒரு தலைவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் நாடு நிலையாக இருக்காதா?
– வாசகர் ஒருவர், ஏற்காடு

பதில்: இருக்காது. பாகிஸ்தானைப் பாருங்கள். அரசியலமைப்பு எழுத உட்கார்ந்த சபை ஏழு வருடமாக இழுத்தடித்தது. 1954 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் குலாம் முகமது அதைக் கலைத்தார். சபைத் தலைவர் தமீசுதீன் கான் கோர்ட்டுக்குப் போய், சிந்துவில் ஜெயித்து, மேல்முறையீட்டில் தோற்றார். 1958இல் ராணுவ ஆட்சி வந்தது. எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத்தேர்தல் 1970 டிசம்பரில்தான் நடந்தது. அதில் பெரும்பான்மை பெற்றது கிழக்குப் பாகிஸ்தானின் கட்சியான அவாமி லீக். ஆனால் சபையைக் கூட்டாமல் தள்ளிப்போட்டார்கள். அடுத்த வருடம் முடிவதற்குள் கிழக்குப் பகுதி பங்களாதேஷாகி, நாடே இரண்டாகிவிட்டது. உறுதியான தலைவர்கள் இருந்தார்கள், பேசித் தீர்க்க ஒரு சபைதான் இல்லை.

சரி, நம் கதைக்கு வருவோம். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் எனக்குக் கூச்சலைவிடப் பூட்டிய கதவுதான் பெரிய கவலை. முதல் மக்களவை வருடத்துக்குச் சுமார் 135 நாள் கூடியது. 2019இல் அமைந்த 17ஆவது மக்களவை சுமார் 55 நாள். அந்த ஐந்து வருடமும் துணை சபாநாயகரே கிடையாது. கட்சியின் உத்தரவாகக் கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும் என்பது 1985இலிருந்து சட்டம். அப்புறம் உறுப்பினர் எப்படித் தொகுதிக்காக நிற்பார்?

2018இல் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்காகச் சேலம் பக்கம் வயலுக்குள் அளவுக்கல் நட்டார்களே, நினைவிருக்கிறதா? கிணறும் தென்னையும் போகப்போகிறதென்று பெண்கள் வரப்பில் நின்று அழுதார்கள். கல்லைப் பிடுங்கினார்கள். பிறகு ஹைகோர்ட். 2019இல் நிலமெடுப்பு ரத்தானது. 2020 டிசம்பரில் அறிவிக்கை செல்லும் என்றது சுப்ரீம் கோர்ட். சபையில் தீரவேண்டிய வழக்கு தெருவுக்கும் கோர்ட்டுக்குமாக அலைந்தது. சபை பலவீனமானால் ஜனங்களுக்கு மிஞ்சுவது அந்த இரண்டு வாசல்தான். மூன்றாவதாக ராணுவ வாசல் திறந்த நாடுகளும் உண்டு.

காங்கிரஸ் தலைவர் சேலம் விஜயராகவாச்சாரியார் 1895இல் மெட்ராஸ் சட்டமன்றக் கவுன்சிலுக்குப் போனபோது, பட்ஜெட் மேல் ஓட்டுப் போடும் உரிமைகூட உறுப்பினருக்கு இல்லை. அதைப் பற்றிப் பேசலாம், கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். அதற்காகவே போனார்கள்.

உங்கள் எம்எல்ஏ அடுத்த முறை மலை ஏறி வரும்போது சால்வையோடு விட்டுவிடாதீர்கள். போன கூட்டத்தொடரில் ஏற்காட்டுக்காக என்ன கேள்வி கேட்டார், என்ன பதில் வந்தது என்று கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.