பொறிக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு கணக்கு

வணக்கம் சார்,

தெரிந்தவர் பட்டறையில் கிரைண்டர் வேலையைப் படமெடுக்க இரண்டு நாள் போனேன். கேமராவை ஆட்டோ மோடில் வைத்தால் ஆள் தெரிகிறார், தீப்பொறி எல்லாம் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். பொறி வெள்ளையாகவே இருக்க, ஆள்தான் இருட்டில் காணாமல் போனார். ஃபிளாஷ் போட்டால் அடையாள அட்டைப் படம் மாதிரி வருகிறது. எங்கே தவறுகிறேன்?

கே.

அன்புள்ள கே.,

ஷட்டரைக் கூட்டியும் பொறி வெள்ளையாகவே இருந்தது என்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது.

பறக்கிற பொறி, கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரின் எந்தப் புள்ளியிலும் நிற்பதில்லை, கடந்து போய்விடுகிறது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அந்தப் புள்ளிக்குக் கிடைக்கும் வெளிச்சம் அதேதான். ஷட்டரால் மாறுவது கோட்டின் நீளமும் எண்ணிக்கையும். கோடு எவ்வளவு பளிச்சென்று விழும் என்பது அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) கையில். வாணவேடிக்கை எடுப்பவர்களுக்கு இது பழகிய கணக்கு. ஆள் அப்படியில்லை. ஒரே இடத்தில் நிற்பதால், ஷட்டர் திறந்திருக்கத் திறந்திருக்க அவர்மேல் வெளிச்சம் சேர்ந்துகொண்டே போகும்.

அதனால் எல்லாவற்றையும் நாமே அமைக்கிற மேனுவலுக்குப் போய்விடுங்கள். ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, 1/30 நொடியில் தொடங்கலாம். பொறியின் ஆரஞ்சு வெளுத்தால் திறப்பைச் சுருக்கி எஃப் 8. அதில் ஆள் மங்கினால் 1/15. கிரைண்டர் பிடிப்பவர் உடம்பை ஊன்றி நிற்பார், கேமராவையும் ஸ்டாண்டில் வைத்தால் 1/15 தாங்கும். சக்கரம் இரும்பைத் தொடும் இடம் மட்டும் எப்படியும் வெளுக்கும். அதை விட்டுவிடுங்கள், கண்ணுக்கும் அது வெள்ளைதானே.

உலையடியில் சம்மட்டி போடுபவரை எடுப்பது வேறு வித்தை. பழுத்த இரும்பில் அடி விழுந்ததும் செதில் தெறிக்கும். தெறிப்பதைப் பார்த்து அழுத்தினால் எல்லாம் முடிந்திருக்கும். சம்மட்டி தலைக்குமேல் ஒரு கணம் நின்று இறங்கத் தொடங்கும்போதே விரல் போக வேண்டும். நான் காதைத்தான் நம்புவேன். நாலைந்து அடியில் தாளம் பிடிபட்டுவிடும்.

ஃபோகஸைப் பொறி வருமுன்பே அவர் கையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பொறி கிளம்பியபிறகு ஆட்டோஃபோகஸ் அலைபாயும். ஆளுக்குப் பின்னால் ஜன்னல் வராமல் நில்லுங்கள், இருட்டுச் சுவர் இருந்தால்தான் பொறி எடுபடும். ஃபிளாஷ் பையிலேயே இருக்கட்டும். ஆங்கில ஓவியர் ஜோசப் ரைட் 1772இல் வரைந்த கொல்லுலை ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். பழுத்த இரும்பின் வெளிச்சத்தையே முகங்களில் விழவைத்திருப்பார். உங்களுக்கும் அந்த வெளிச்சம் இலவசமாகக் கிடைக்கிறது. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தால் நிழல் பக்கமும் கொஞ்சம் திறக்கும்.

அப்புறம் ஒன்று. கிரைண்டர் பொறி என்பது எரிந்துகொண்டே பறக்கும் இரும்புத் துகள். ஒருமுறை ஆசையில் நேர் எதிரே மண்டியிட்டேன். வீட்டில் வந்து துடைத்தால் லென்ஸின் முன்கண்ணாடியில் கறுப்பாக நாலைந்து புள்ளி, நகத்தால் சுரண்டியும் போகவில்லை. அன்றிலிருந்து முன்னால் ஒரு மலிவு ஃபில்டர் இல்லாமல் போவதில்லை. பக்கவாட்டில் நில்லுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டுங்கள், பாலியஸ்டர் சட்டை வேண்டாம்.

வெல்டிங் எடுக்கும் எண்ணம் இருந்தால், வெறுங்கண்ணால் மட்டுமல்ல, டிஎஸ்எல்ஆர் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டர் வழியாகவும் ஆர்க்கை, அதாவது வெல்டிங்கின் அந்தக் கூசும் வெளிச்சத்தை, பார்க்காதீர்கள். அந்த நேரம் ஒன்றும் தெரியாது. ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். ஆர்க் கிளம்பும் முன்பே கேமராவின் திரையில் பார்த்துப் படத்தை அமைத்துவிடுங்கள், ஆர்க் எரியும்போது வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை எடுப்பதில் சொதப்பியதையும் சேர்த்து அனுப்புங்கள்.