பழைய பென்ஸா, நோவா வேனா: வெள்ளவத்தைத் தம்பிக்கு ஒரு பதில்

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில அஞ்சு பேர், அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், 2008 பென்ஸ் ஈ200 கொம்ப்ரசர் ஒண்டு வந்திருக்கு, 2015 டொயோட்டா நோவா ஹைபிரிட் வேனை விட நல்லா விலை குறைவு, மிஞ்சுற காசில வீட்டு வேலையும் பாக்கலாம், எதை எடுக்கிறது எண்டு.

தம்பி, அந்த மிஞ்சுற காசை வீட்டு வேலைக்கு எண்டு இப்பவே ஒதுக்கிப்போடாதேங்கோ, முதல் வருசமே பென்ஸ் அதைக் கேக்கும். வாங்கேக்க விலை இறங்கினாலும் பார்ட்ஸ் விலை புதுசில இருந்த மாதிரித்தானே இருக்கு. முன் சில்லுப் பக்கம் ஆர்ம், புஷ் எண்டு கன சாமான், எங்கட ரோட்டுக்கு அது ஒண்டொண்டா தட்டத் தொடங்கும். ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பையில நிக்கிற எயார் சஸ்பென்ஷன் போட்ட கார் எண்டா நான் கிட்டவும் போகமாட்டன். அந்த 1.8 கொம்ப்ரசர் இஞ்சினில வால்வைத் திறக்கிற கேம் தண்டைச் சுத்துற டைமிங் செயின் இழுபடுறதும், கேம் பக்கத்துப் பல்லுச்சில்லு தேயுறதும் தெரிஞ்ச வருத்தம்.

இன்னொண்டு, 2008 எண்டது பதிஞ்ச வருசமா செய்த வருசமா எண்டு காரின்ர பதிவுப் புத்தகத்தில பாருங்கோ. இந்த மொடலில 2006 நடுப்பகுதி வரைக்கும் எஸ்பிசி எண்டு ஒரு எலெக்ட்ரோனிக் பிரேக் வந்தது, அதின்ர பம்ப் எத்தின தரம் பிரேக் அடிச்சதெண்டு தானே கணக்கு வைச்சு, கணக்கு முடிஞ்சா முழு யூனிட்டையும் மாத்தச் சொல்லும். பிந்தி வந்ததில அது இல்லை.

நோவாவும் குறையில்லாத வாகனமில்லை. ப்ரியஸில இருக்கிற அதே வகை 1.8 இஞ்சின், புகையில ஒரு பங்கைத் திருப்பி இஞ்சினுக்குள்ள விடுற ஈஜிஆர்ல கரி பிடிக்கும், அதைக் கவனிக்காம விட்டா இஞ்சின் தலைக்குக் கீழ இருக்கிற ஹெட் காஸ்கெட் பழுதாகிற வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும், அதால காலமை ஸ்டார்ட்டில உதறுதா, கூலன்ட் குறையுதா எண்டு பாருங்கோ. ஹைபிரிட் பற்றரியை ஸ்கேன் பண்ணாம அட்வான்ஸ் குடுக்க வேண்டாம். ஆள் நிறைச்சு கண்டி ரோட்டில கடுகண்ணாவ ஏத்தம் ஏறினா இஞ்சின் கத்தும், அதில பென்ஸ் ராசா, ஒத்துக்கொள்ளுறன். பின் வரிசை சீற்றை விரிச்சா சாமானுக்கும் இடமில்லை.

ஆனா உங்கட ஓட்டம் காலி வீதியில ஸ்கூல் நேரத்தில. அங்க பென்ஸ் லீற்றருக்கு 7, 8 கிலோமீற்றர் குடுத்தாலே பெரிய விசயம், அதுவும் விலை கூடின 95 ஒக்டேன் பெட்ரோல். நோவா 92 ஒக்டேனில 14, 15 போகும். வேன் எண்டா பெரிசு எண்டு பயப்பிடுறியள் போல, உண்மையில நோவா 4.7 மீற்றர், பென்ஸ் 4.8க்கு மேல, அகலமும் பென்ஸ்தான் கூட. உங்கட லேனுக்குள்ள கதவை இழுத்துத் திறக்கிறதே எவ்வளவு வசதி. அம்மா பென்ஸில குனிஞ்சு இருந்து எழும்ப வேணும், நோவாவில பக்கத்தால ஏறி நிமிர்ந்து இருப்பா. ரெண்டிலயும் அவவை ஒருக்கா ஏத்தி இறக்கிப் பாருங்கோவன்.

நான் எண்டா நோவா. வீட்டில வேற ஒரு சின்னக் கார் இருந்து, மிஞ்சுற காசை அப்பிடியே பென்ஸுக்கு வைச்சிருக்க ஏலுமெண்டா மட்டும் மற்றது.

எதைப் பாக்கப் போனாலும் விடியப் போங்கோ, இஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாமெண்டு முதல் நாளே சொல்லிவிடுங்கோ. பென்ஸ் ஸ்டார்ட் பண்ணி முதல் ரெண்டு மூண்டு செக்கன் கரகரத்தா செயின் செலவைக் கேட்டு விலையில வெட்டுங்கோ, வெட்டாட்டி வந்திடுங்கோ.